ஆபத்துக்கு எடை உண்டா?

ஒரு சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அதில் என்னென்ன அலகுகள் கண்ணில் படும்? அபராதம் என்றால் ரூபாய். தண்டனை என்றால் மாதம் அல்லது ஆண்டு. பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால், டன்னும் கிலோகிராமும் பக்கம் பக்கமாக அச்சிடப்பட்ட ஒரு விதித் தொகுப்பும் நம் நாட்டில் உண்டு. குளோரின் 10 டன், 25 டன். ஃபாஸ்ஜீன் 750 கிலோகிராம். மெத்தில் ஐசோசயனேட் 150 கிலோகிராம் என்று மளிகைக் கடைப் பட்டியலைப் போல அது நீண்டுகொண்டே போகும். அபாயகரமான இரசாயனப் பொருள்களைத் தயாரிப்பது, சேமிப்பது, இறக்குமதி செய்வது ஆகியவை பற்றி 1989-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் அவை.

அறிவியல் மாணவரான உங்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நஞ்சு என்றால் ஒரு துளியும் நஞ்சுதானே? பிறகு எதற்குத் தராசு? 9 டன் குளோரின் வைத்திருப்பவரை விட்டுவிட்டு, 10 டன் வைத்திருப்பவரை மட்டும் சட்டம் ஏன் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பாதி விடை இயற்பியலில் இருக்கிறது. மீதிப் பாதி, பல ஆயிரம் மனிதர்கள் உயிரிழந்த வரலாற்றில் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

ஒரு ஜாடியும் ஒரு டன்னும்

குளோரின் உங்களுக்குப் புதியதல்ல. குடிநீரில் உள்ள கிருமிகளைக் கொல்ல அதைச் சேர்க்கிறார்கள். சில நாள்களில் குழாய்த் தண்ணீரில் வரும் நெடி அதனுடையதுதான். வேதியியல் ஆய்வகத்தில் இளம் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் ஒரு ஜாடி நிறையவும் அதைப் பார்த்திருக்கலாம்.

காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு குளோரின் கலந்திருந்தால், அந்த இடத்தில் நிற்பதே உடலுக்குப் பேராபத்து எனத் தொழில் நலத் துறை வல்லுநர்கள் வகுத்திருக்கிறார்கள். இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம்.

ஆய்வக ஜாடியின் கொள்ளளவு 250 மில்லிலிட்டர் என்க. அதிலுள்ள குளோரின் முழுவதும் வெளியேறி, மேற்சொன்ன விகிதத்தில் கலந்தால் எவ்வளவு காற்றைக் கெடுக்கும்? 250 மில்லிலிட்டரை ஒரு லட்சத்தால் பெருக்குங்கள். 25 கன மீட்டர் வரும். அதாவது, மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள ஒரு சிற்றறை. கதவையும் சன்னலையும் திறந்துவிட்டு வெளியே வந்துவிட்டால் போதும். சிறிது நேரத்தில் சரியாகிவிடும்.

இப்போது ஒரு டன்னை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலைகளில் குளோரினை அழுத்தி, திரவமாக்கி, எஃகு உருளைகளில் அடைத்து வைப்பார்கள். ஒரு டன் திரவக் குளோரினுக்குச் சுமார் 700 லிட்டர் இடம் போதும். வீட்டு மாடியில் வைக்கும் தண்ணீர்த் தொட்டி அளவுதான். ஆனால், அது வெளியேறி வாயுவாகும்போது சுமார் 350 கன மீட்டராக விரிகிறது. ஏறத்தாழ 500 மடங்கு. அதை ஒரு லட்சத்தால் பெருக்கினால் மூன்றரைக் கோடி கன மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம், 35 மீட்டர் உயரம் உள்ள ஒரு பெட்டியைக் கற்பனை செய்து பாருங்கள். ஓர் ஊரே அதற்குள் அடங்கிவிடும்.

உண்மையில் குளோரின் இப்படிச் சமமாகப் பரவுவதில்லை. அதன் மூலக்கூறு எடை 71. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. எனவே அது காற்றைப் போல் இரண்டரை மடங்கு கனமானது. தரையை ஒட்டி, பள்ளங்களை நிரப்பிக்கொண்டு, காற்று வீசும் திசையில் ஊர்ந்து செல்லும். கசியும் இடத்துக்கு அருகே அடர்த்தி மிகுந்திருக்கும். ஆனாலும் நமது கணக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. ஜாடியிலிருந்த குளோரினால் அறைக்கு ஆபத்து. டன் கணக்கில் இருக்கும் குளோரினால் மதிலுக்கு வெளியே உள்ளவர்களுக்கு ஆபத்து. தொழிற்சாலைக்குள் அடியெடுத்தே வைக்காதவர்கள், அங்கே என்ன இருக்கிறது என்றே அறியாதவர்கள் அவர்கள். அரசு குறுக்கிட வேண்டிய கட்டாயம் அங்கேதான் பிறக்கிறது.

அண்டாவில் ஆறாத சோறு

எடைக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. கல்யாண வீட்டில் அண்டாவில் வடித்த சோறு மணிக்கணக்கில் சுடச்சுட இருக்கும். அதே சோற்றைத் தட்டில் போட்டால் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். ஏன்?

ஒரு கன சதுரத்தின் பக்கத்தைப் பத்து மடங்காக்குங்கள். அதன் மேற்பரப்பு 100 மடங்காகும். கன அளவோ 1,000 மடங்காகும். வெப்பம் வெளியேறுவது மேற்பரப்பின் வழியாக. வெப்பம் இருப்பது கன அளவு முழுவதிலும். பாத்திரம் பெரிதாக ஆக, ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் மேற்பரப்பு குறைந்துகொண்டே போகிறது.

சோறு தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் பல வேதிவினைகள் உண்டாக்குகின்றன. மேலும், வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பல வினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. வேகம் கூடினால் வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் வேகம் கூடும். சோதனைக் குழாயில் இந்த வெப்பம் கண்ணாடி வழியாகத் தப்பிவிடும். பெருந்தொட்டியில் தப்ப வழியில்லை. ஈரம் காயாமல் அடுக்கிய வைக்கோல் போர் உள்ளே கனன்று, சில சமயம் தானாகவே தீப்பற்றிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். ஆய்வகத்தில் சாதுவாக இருந்த ஒரு பொருள் 40 டன் தொட்டியில் அதே சாதுவாக இருக்கும் என்று நினைப்பது தவறு.

போபாலில் நடந்தது

40 டன் என்ற எண்ணை வேண்டுமென்றே சொன்னேன். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் ஒரு தொட்டியில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. அது விற்பனைக்கான சரக்கு அல்ல. பூச்சிமருந்து தயாரிக்கும் வழியில் இடையே தோன்றும் ஓர் இடைநிலைப் பொருள்.

அதன் கொதிநிலை 39 டிகிரி செல்சியஸ். நம் உடல் வெப்பநிலையைவிடச் சற்றே அதிகம். தண்ணீருடன் சேர்ந்தால் வெப்பத்தை வெளியிட்டு வினைபுரியும். அன்றிரவு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. எப்படிப் புகுந்தது என்பதில் இரு தரப்பு வாதங்கள் உண்டு, புகுந்ததில் ஐயமில்லை. அதன் பிறகு நடந்தது அண்டாக் கணக்குத்தான். வெப்பம் வெளியேற வழியின்றி, வெப்பநிலை 200 டிகிரியையும் தாண்டியிருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அழுத்தம் எகிறியது, பாதுகாப்பு வால்வு திறந்தது, காற்றைப் போல் இரு மடங்கு கனமான அந்த ஆவி, உறங்கிக்கொண்டிருந்த குடியிருப்புகளின் மேல் இறங்கியது.

பாதுகாப்புச் சாதனங்களே இல்லையா? இருந்தன. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிடும் உயரமான கோபுரத்துக்குப் போகும் குழாய் பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் காரக் கரைசலால் கழுவும் கருவியால் அவ்வளவு பெரிய பெருக்கைச் சமாளிக்க இயலவில்லை. பீய்ச்சிய தண்ணீர் வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை.

இறந்தவர்கள் என்று மாநில அரசு பின்னர் உறுதி செய்த எண்ணிக்கை 3,787. உண்மை எண்ணிக்கை அதைப் போல் பல மடங்கு என்பது பாதிக்கப்பட்டோர் அமைப்புகளின் கூற்று. உடல்நலம் கெட்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

இங்கே நாம் கேட்க வேண்டியது ஒன்றே. உடனுக்குடன் தயாரித்து உடனுக்குடன் பயன்படுத்தக்கூடிய ஓர் இடைநிலைப் பொருளை, நகரத்தின் ஓரத்தில் 40 டன் சேர்த்து வைக்க வேண்டிய அவசியம் என்ன?

எண்கள் பிறந்த கதை

இந்தக் கேள்வி ஐரோப்பாவில் போபாலுக்குப் பத்தாண்டு முன்பே எழுந்துவிட்டது. இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ என்ற இடத்தில், நைலானுக்கு மூலப்பொருள் தயாரிக்கும் ஆலை ஒன்று இருந்தது. அங்கே சைக்ளோஹெக்சேன் என்ற திரவம் 155 டிகிரி வெப்பநிலையில் ஆறு பெரிய கலன்கள் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் கொதிநிலை 81 டிகிரிதான். பிரஷர் குக்கரில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் திரவமாக இருப்பதைப் போல, அழுத்தம்தான் அதைத் திரவமாகக் கட்டி வைத்திருந்தது. ஐந்தாவது கலனில் விரிசல் கண்டதால் அதை அகற்றிவிட்டு, நான்கையும் ஆறையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். அந்தக் குழாய்க்கு முறையான வரைபடம்கூட இல்லை. பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த படம்தான் இருந்தது. 1974 ஜூன் 1-ஆம் தேதி குழாய் பிய்ந்தது. அழுத்தம் விலகியதும் திரவம் கணப்பொழுதில் ஆவி மேகமாகி, தீப்பற்றி வெடித்தது. 28 பேர் மாண்டனர். அன்று சனிக்கிழமை, அலுவலகங்களில் ஆள் இல்லை. வேலை நாளாக இருந்திருந்தால் சாவு இன்னும் மிகுந்திருக்கும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1976 ஜூலை 10-ல், இத்தாலியில் மிலான் நகருக்கு அருகே ஓர் இரசாயன ஆலையிலிருந்து டயாக்சின் கலந்த மேகம் வெளியேறி, செவெசோ என்ற ஊரின் மேல் படிந்தது. குழந்தைகளின் தோலில் கொப்புளங்கள் தோன்றின. கோழிகளும் முயல்களும் செத்து விழுந்தன. ஆனாலும் மக்களை வெளியேற்றத் தொடங்கியது 16 நாள்களுக்குப் பிறகே.

இந்தப் படிப்பினைகளால் 1982-ல் ஐரோப்பிய நாடுகள் ஒரு பொது ஆணையை ஏற்றன. செவெசோ ஆணை என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. எந்தப் பொருள் எவ்வளவு இருந்தால் கண்காணிக்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இருந்தது. மெத்தில் ஐசோசயனேட்டுக்கு எதிரே ஒரு டன் என்று குறித்திருந்தார்கள். போபாலுக்குப் பின், 1987-ல் அதைத் திருத்தி 150 கிலோகிராம் ஆக்கினார்கள். ஃபாஸ்ஜீனுக்கு 20 டன் என்று இருந்தது 750 கிலோகிராம் ஆயிற்று. இந்திய விதிகளில் இன்று நீங்கள் காணும் அதே எண்கள்! போபால் தொட்டியில் இருந்தது இந்த வரம்பைப் போல் 260 மடங்குக்கும் மேல்.

இரண்டு படிகள்

போபால் நிகழ்ச்சிக்குப் பின் இந்தியாவில் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் சொன்ன 1989 விதிகள் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தவை. ஒரு பொருளுக்கு எதிரே இரண்டு எண்கள் இருக்கும். குளோரினுக்கு அவை 10 டன், 25 டன். இவற்றை இரண்டு படிகள் என்று கொள்ளலாம்.

முதல் படியைத் தொட்டவுடன் தொழிற்சாலை அரசுக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் ஆலைக்குள் யார் என்ன செய்வது என்ற அவசரத் திட்டத்தை எழுதி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை பார்க்க வேண்டும். மதிலுக்கு வெளியே என்ன செய்வது என்ற திட்டம் மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் வரும். அதற்கும் ஆண்டுக்கு ஒரு முறை ஒத்திகை உண்டு. சுற்றிலும் வாழும் மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும், விபத்தின்போது செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

இரண்டாம் படியைத் தொட்டால் கூடுதலாக ஒரு பாதுகாப்பு அறிக்கை வேண்டும். எந்த வால்வு பழுதானால் என்ன ஆகும், எவ்வளவு கசியும், எதுவரை பரவும் என்று தொழிற்சாலையே தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்து எழுதும் அறிக்கை அது. வெளி வல்லுநர்களைக் கொண்டு ஆண்டுதோறும் தணிக்கையும் செய்ய வேண்டும்.

இதில் மறைமுகமான ஒரு நன்மையும் உண்டு. படி ஏற விரும்பாத நிறுவனம் கையிருப்பைக் குறைக்க வழி தேடும். ஃபிளிக்ஸ்பரோவுக்குப் பிறகு இங்கிலாந்தின் வேதிப் பொறியாளர் டிரெவர் கிளெட்ஸ் இதைத்தான் வலியுறுத்தி வந்தார். இல்லாத பொருள் கசிய முடியாது. ஆகவே காவலைக் கூட்டுவதற்கு முன் சரக்கைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள் என்பது அவர் கருத்து. குடிநீர் நிலையங்கள் சிலவற்றில் குளோரின் வாயுவுக்குப் பதிலாகச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைப் பயன்படுத்துவது இதற்கு நல்ல உதாரணம்.

இயற்கையின் எண்ணும் மனிதனின் எண்ணும்

அப்படியானால் 9 டன் 900 கிலோகிராம் குளோரின் பாதுகாப்பானதா? இல்லவே இல்லை. மேலே ஒரு டன்னுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தோமே! 39 டிகிரி என்பது இயற்கை வகுத்த எண். எந்த அரசாலும் அதை மாற்ற முடியாது. 10 டன் என்பது மனிதர்கள் கூடிப் பேசி வகுத்த எண். எல்லா இடத்துக்கும் ஆய்வாளர்களை அனுப்ப முடியாது என்பதால் எங்கேயாவது ஒரு கோடு கிழித்தாக வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கும் பொதுவான கவனம் என்னும் கடமை உண்டு.

மனிதன் வகுத்த எண்ணுக்கு ஆயுளும் உண்டு. அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டுத் தாக்குதல்களுக்குப் பின், பயங்கரவாதிகள் இரசாயன ஆலைகளைத் தாக்கினால் அல்லது பொருள்களைத் திருடினால் என்ன ஆகும் என்ற கவலை எழுந்தது. 2007-ல் ஏறத்தாழ 300 பொருள்களுக்கு எடை வரம்பு குறித்து, அதற்கு மேல் வைத்திருப்போர் வேலி, காவல், ஆள் சோதனை ஆகியவற்றுக்குத் திட்டம் தர வேண்டும் என்று விதித்தார்கள். அந்தச் சட்ட அதிகாரத்தை நாடாளுமன்றம் உரிய காலத்தில் நீட்டிக்கவில்லை. 2023 ஜூலை 28-ஆம் தேதி அது காலாவதியாயிற்று. அன்று இரவோடு இரவாக எந்தத் தொட்டியிலும் குளோரினின் நச்சுத்தன்மை குறைந்துவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடியில் இருந்த வெப்பமானி

விதி இருந்தும் அதை நடத்திக் காட்டாவிட்டால்? விசாகப்பட்டினத்தைப் பாருங்கள். 2020 மே 7-ஆம் தேதி அதிகாலை, அங்குள்ள ஒரு பிளாஸ்டிக் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி 12 பேர் இறந்தனர். ஸ்டைரீனின் கொதிநிலை 145 டிகிரி. எனவே சாதாரண வெப்பநிலையில் அது திரவம்தான். ஆனால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று தாமாகவே இணையும். இணையும்போது வெப்பம் வெளிவரும். ஊரடங்கு காலத்தில் வேலை நின்றிருக்க, 1,800 டன்னுக்கும் மேற்பட்ட ஸ்டைரீன் அந்தத் தொட்டியில் தேங்கி நின்றது.

மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு விசாரித்தபோது, தொட்டியின் வெப்பநிலையை அடிப்பகுதியில் மட்டுமே அளந்து வந்தது தெரிந்தது. சூடான திரவம் மேலே போகும் என்பது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அடியில் இருந்த வெப்பமானி குளிர்ந்த எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, மேலே திரவம் கனன்றுகொண்டிருந்தது. ஆலையில் பல இடங்களில் அபாயச் சங்கை ஒலிக்கும் வசதி இருந்தும் யாரும் ஒலிக்கவில்லை. தேவையான சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமலே ஆலை இயங்கி வந்ததும் வெளிப்பட்டது. அடியில் மட்டும் வெப்பமானி இருக்கிறதே என்று ஓர் ஆய்வாளரோ ஒரு தொழிலாளியோ முன்பே கேட்டு, அதற்குச் செவி சாய்த்திருந்தால் அந்தப் பன்னிரண்டு பேரும் பிழைத்திருக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது

2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவையொட்டி, சென்னைக்கு வடக்கே எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்தில் எழுந்த மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்பது அப்படிப்பட்ட நேரத்தில் யோசித்துக் கண்டுபிடிக்கக்கூடியதல்ல. முன்பே தெரிந்திருக்க வேண்டும். காற்று வீசும் திசையில் அதனோடு ஓடக் கூடாது. அதற்குக் குறுக்காக விலக வேண்டும். குளோரின் போன்ற கனமான வாயு என்றால் பள்ளத்தில் இறங்காமல் மேட்டுக்குப் போக வேண்டும். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது உதவும். வெளியேற வழியில்லையென்றால் கதவு, சன்னல்களை இறுக அடைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஊருக்கு அருகே இரசாயன ஆலையோ, பெரிய குளிர்பதனக் கிடங்கோ, குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமோ இருக்கிறதா? அங்கே என்ன பொருள், எத்தனை டன், ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது என்று உங்கள் ஆசிரியரின் துணையோடு கேட்டுப் பாருங்கள். வரம்பைத் தாண்டிய ஆலை என்றால், அருகில் வாழும் மக்களுக்கு இதைத் தெரிவிப்பது அதன் சட்டக் கடமை.

கடைசியாக ஒரு கணக்கு. அமோனியாவின் மூலக்கூறு எடை 17. அது காற்றைவிட லேசானது. மேலே போய்விட வேண்டும். ஆயினும் திரவ அமோனியா கசியும்போது வெண்ணிற மூடுபனியாகத் தரையோடு தவழ்வதைக் காணலாம். ஏன்? திரவம் ஆவியாகும்போது வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். விடை கிடைத்துவிடும்.